பந்து கையை விடுமுன்

ஹெமிங்வேயின் 'கடலும் கிழவனும்' நாவலை நம்மில் பலர் படித்திருக்கிறோம். 1952-ல் வெளிவந்த அந்தச் சிறு நூலில், கிழவன் சாந்தியாகோவும் பையனும் குடிசையில் உட்கார்ந்து பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிற இடம் ஒன்று வருகிறது. நம் வாசகர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கத்தை வேகமாகக் கடந்துவிடுவார்கள். பெரிய மீன் எப்போது தூண்டிலில் சிக்கும் என்பதுதான் நம் அவசரம். முதல் தடவை நானும் அப்படித்தான் கடந்து போனேன்.

மறுபடி படித்தபோதுதான் அந்தப் பேச்சின் அழகு புரிந்தது. யாங்கீஸ் அணி தோற்றுவிடுமோ என்று பையனுக்குக் கவலை. கிளீவ்லாந்துக்காரர்களை நினைத்தால் அவனுக்குப் பயமாக இருக்கிறது. கிழவனோ டிமாஜியோவை நம்பு என்கிறான். எண்பத்து நாலு நாளாக ஒரு மீன்கூடக் கிடைக்காதவன் அவன். அவன் வாயில்தான் நம்பிக்கை வருகிறது! ரசிகன் என்ற ஜாதியின் முழு வாழ்க்கையும் இந்த இரண்டு வார்த்தைகளுக்குள் அடங்கிவிடுகிறது: நம்பிக்கை, பயம்.

ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். கிழவன் நம்புவது ஒரு மட்டைக்காரரை. விளையாட்டை வைத்துக் கதை எழுதுகிறவர்களும் பெரும்பாலும் மட்டைக்காரனையே கதாநாயகன் ஆக்குகிறார்கள். பந்தைச் சுவருக்கு அப்பால் அனுப்புகிறவன் கண்ணுக்குத் தெரிகிற வீரன் அல்லவா? அக்டோபர் மாதம் பிறந்து, முடிவுப் பந்தயங்கள் வந்துவிட்டால், பழகிய ரசிகனின் மனம் மட்டைக்காரனிடம் தங்குவதில்லை. மேட்டின்மேல் தனியாக நின்று பந்தை எறிகிறானே, பிட்ச்சர், அவனுடைய கையையே அது சுற்றிச் சுற்றி வரும்.

காரணம் இருக்கிறது. பேஸ்பால் பருவம் இப்போது 162 ஆட்டங்கள் கொண்டது. அத்தனை நீண்ட பாதையில் ஒரு நாள் தோற்றால் மறுநாள் ஜெயித்துக்கொள்ளலாம். பிட்ச்சர்களும் முறை வைத்துக்கொண்டு எறிகிறார்கள்; ஒருவர் எறிந்தால் சில நாள் ஓய்வு. முடிவுப் பந்தயம் வந்ததும் அந்தச் சௌகரியம் போய்விடுகிறது. ஒரு மாலை, ஒரு கை. அந்தக் கை களைத்துவிட்டதா, இல்லையா? நமக்குப் பழக்கமான கிரிக்கெட்டில் களைத்த பந்துவீச்சாளரைச் சற்று நிறுத்திவைத்து, பிறகு மறுபடி அழைக்கலாம். இங்கே ஒருமுறை வெளியேற்றினால் அன்றைக்கு அவர் திரும்ப வர முடியாது. ஆகவே மானேஜர் மேட்டை நோக்கி நடந்துவரும்போது, ஆயிரக்கணக்கான பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர் கேட்கப்போகிற கேள்வி எல்லோருக்கும் தெரியும். விடைதான் யாருக்கும் தெரியாது.

இந்தப் பயத்தை இலக்கியம் எப்படிக் கையாண்டிருக்கிறது என்பதுதான் எனக்கு வேண்டிய விஷயம். அதற்கு முன் உண்மையில் நடந்த ஓர் ஆட்டத்தைச் சொல்லிவிட வேண்டும்.

1951-ல் நியூயார்க் ஜயண்ட்ஸ், புரூக்ளின் டாட்ஜர்ஸ் என்ற இரண்டு அணிகளும் 96 வெற்றி, 58 தோல்வி என்று சமமாக நின்றன. ஆகஸ்டில் பதின்மூன்று ஆட்டங்களுக்கு மேல் முந்தி நின்ற டாட்ஜர்ஸ் அணியை ஜயண்ட்ஸ் துரத்திப் பிடித்த கதை அது. சமநிலையைத் தீர்க்க மூன்று ஆட்டங்கள் வைத்தார்கள். ஆளுக்கு ஒன்று ஜெயித்தாயிற்று. அக்டோபர் 3-ம் தேதி போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் மூன்றாவது ஆட்டம். கடைசி இன்னிங்ஸ் ஆரம்பமாகும்போது டாட்ஜர்ஸ் 4, ஜயண்ட்ஸ் 1.

டாட்ஜர்ஸ் பிட்ச்சர் டான் நியூகோம்ப். முந்திய சனிக்கிழமை ஒரு முழு ஆட்டம் எறிந்து, மறுநாளே மறுபடியும் ஐந்து இன்னிங்ஸுக்கு மேல் எறிந்த கை அவருடையது. அந்தக் கை இப்போது தளர்ந்தது. அடிகள் விழுந்தன, கணக்கு 4-2 ஆயிற்று. இரண்டு பேர் ஓடத் தயாராக நிற்கிறார்கள். மானேஜர் சார்லி டிரெஸன் பிட்ச்சரை மாற்ற வேண்டும். ஓரமாகக் கையைச் சூடுபடுத்திக்கொண்டிருந்தவர்கள் இருவர்: கார்ல் எர்ஸ்கின், ரால்ஃப் பிராங்கா. எர்ஸ்கின் போட்ட வளைபந்து ஒன்று தரையில் விழுந்துவிட்டதாம். அதனால் பிராங்காவை அழைத்தார்கள். முதுகில் 13-ம் எண். எதிரே மட்டையுடன் நிற்கிற பாபி தாம்ஸன் இரண்டு நாளைக்கு முன்புதான் இதே பிராங்காவின் பந்தை ஹோம் ரன் அடித்தவர். முதல் பந்து ஸ்டிரைக். இரண்டாவது பந்து இடப்பக்கச் சுவரைத் தாண்டிப் போயிற்று. ஜயண்ட்ஸ் 5, டாட்ஜர்ஸ் 4.

அமெரிக்க நாவலாசிரியர் டான் டெலில்லோ இந்த ஆட்டத்தை எடுத்துக்கொண்டு 'பாஃப்கோ சுவரருகே' என்று பொருள்படும் தலைப்பில் 1992-ல் ஒரு நெடுங்கதை எழுதினார். 1997-ல் வெளியான அவருடைய 'அண்டர்வேர்ல்ட்' என்ற பெரிய நாவலுக்கு அதுவே முகப்பாக அமைந்தது. டிக்கெட் இல்லாமல் தாண்டிக் குதித்து உள்ளே வருகிற ஒரு நீக்ரோச் சிறுவன், ரேடியோவில் வர்ணனை சொல்கிறவர், பாடகர் சினாட்ரா, போலீஸ் துறைத் தலைவர் ஹூவர் என்று பலருடைய மனங்களில் புகுந்து புறப்படுகிறார் டெலில்லோ. அதே நாளில் ரஷ்யா அணுகுண்டு வெடித்துப் பார்த்த செய்தியும் வந்து சேர்கிறது. முப்பத்து நாலாயிரம் ஜனங்களையும் ஒரே கதாபாத்திரமாகச் செய்து காட்டியிருப்பது லேசான காரியம் அல்ல.

முதலில் படித்தபோது எனக்கு ஒரு மனக்குறை. இத்தனை பேர் மனசுக்குள் போகிறவர், பிராங்காவின் மனசுக்குள் ஏன் போகவில்லை? தூரத்திலிருந்து நடந்து வருகிறார், எறிகிறார், தளர்ந்து திரும்புகிறார். முகத்தைவிட முதுகைத்தான் அதிகம் பார்க்கிறோம். அன்று உலகத்தில் மிகத் தனியாக இருந்த மனிதன் அவர்தானே!

யோசித்துப் பார்த்தால் இது குறை இல்லை என்று தோன்றுகிறது. ரசிகனுக்கு எறிகிறவனின் மனம் தெரியாது. அதுதான் அவனுடைய வேதனையே. அந்தக் கையில் இன்னும் எவ்வளவு பலம் மிச்சம் இருக்கிறது என்று அவன் தோளின் சாய்விலிருந்தும், தொப்பியைச் சரிசெய்கிற விதத்திலிருந்தும் ஊகிக்கப் பார்க்கிறான். டெலில்லோ நம்மை அந்தப் படிக்கட்டுகளிலேயே உட்கார்த்திவைத்திருக்கிறார். தாம்ஸன் அடிக்கப்போகிறார் என்று நமக்குத் தெரியும், சரித்திரம். தெரிந்திருந்தும் அந்த இரண்டாவது பந்து வருவதற்குள் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. முடிவு தெரிந்த கதையில் வாசகனைப் பயப்பட வைக்க முடிந்தால், அவனே கதைக்காரன்.

நாவலின் பின்பகுதியில், சிறு வயதில் அந்த ஆட்டத்தை வீட்டு மொட்டைமாடியில் ரேடியோவில் கேட்ட நிக் ஷே என்பவன், பெரியவனானதும் அந்தப் பந்தையே விலைக்கு வாங்கி வைத்துக்கொள்கிறான். அவன் டாட்ஜர்ஸ் பக்கத்து ஆள். வெற்றியின் ஞாபகத்துக்காக அவன் அதை வாங்கவில்லை. பிராங்காவுக்கு நேர்ந்த துரதிர்ஷ்டம்தான் அவனுக்கு வேண்டியிருக்கிறது. தோற்ற பக்கத்து ரசிகனின் மனத்தை இவ்வளவு சரியாகச் சொன்ன இடத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

பெர்னார்டு மாலமூடு 1952-ல் எழுதிய 'த நேச்சுரல்' நாவல் இன்னொரு வகை. அதன் நாயகன் ராய் ஹாப்ஸ் இளமையில் பிட்ச்சர். பெரிய மட்டைக்காரன் ஒருவனை மூன்றே பந்தில் வீழ்த்தியவன். பிறகு ஒரு பெண்ணின் துப்பாக்கிக் குண்டுபட்டு, பல வருஷம் கழித்து மட்டைக்காரனாகத் திரும்பி வருகிறான். முடிவில், சமநிலையைத் தீர்க்கும் பந்தயத்தில், அவனை எதிர்த்து எறிய வருகிறவன் ஓர் இளைஞன். விவசாயம் செய்யப் போக வேண்டும் என்பது அவன் ஆசை. அந்தப் பையனிடம் ராய் தோற்றுப்போகிறான். தான் தொடங்கிய இடத்தில் வேறொருவன் நிற்பதைப் பார்த்துக்கொண்டே தோற்கிறான். எறிகிறவனுக்கும் ஒரு வாழ்க்கை உண்டு, ஓர் ஏக்கம் உண்டு என்று மாலமூடு இரண்டொரு வரியில் காட்டிவிடுகிறார்.

1984-ல் இதைச் சினிமா ஆக்கினார்கள். ராபர்ட் ரெட்போர்டு நடித்த அந்தப் படத்தில் ராய் ஹோம் ரன் அடித்து ஜெயிக்கிறான். விளக்குகள் வெடித்துப் பொறி சிதறுகின்றன. ஜனங்களுக்குப் பிடித்திருந்தது. எனக்கும் அந்த நிமிஷம் உடம்பு சிலிர்த்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்ததும் மனசில் ஒன்றும் மிஞ்சவில்லை. பந்து எறிந்த பையன் வெறும் திரைச்சீலையாகிவிட்டான். பயம் இருந்த இடத்தில் முடிவை மட்டும் வைத்துவிட்டார்கள்.

முடிவுக்கு நாம் கொடுக்கிற இந்த அதிகப்படியான மரியாதை கதைகளோடு நிற்கிறதா? இல்லை. 2003 அக்டோபர் 16-ம் தேதி, நியூயார்க்கில் யாங்கீஸுக்கும் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கும் ஏழாவது ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸில் பாஸ்டன் 5-2 என்று முன்னணியில் இருக்கிறது. பிட்ச்சர் பெட்ரோ மார்ட்டினெஸ் நூறு பந்துகளைத் தாண்டிவிட்டார். யாங்கீஸ் இன்னொரு ஓட்டம் எடுத்ததும் மானேஜர் கிரேடி லிட்டில் மேட்டுக்குப் போனார். முடியுமா என்று கேட்டார். முடியும் என்றார் பெட்ரோ. லிட்டில் திரும்பி நடந்தார். சிறிது நேரத்தில் கணக்கு 5-5. பதினோராவது இன்னிங்ஸில் யாங்கீஸ் ஜெயித்தது. லிட்டிலின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

2020 அக்டோபர் 27-ம் தேதி, உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம். டாம்பா பே அணியின் பிளேக் ஸ்னெல் டாட்ஜர்ஸை அசைய விடவில்லை. 73 பந்துகள், இரண்டே அடிகள், ஒன்பது பேர் ஸ்டிரைக் அவுட். 1-0 என்று முன்னணி. ஆறாவது இன்னிங்ஸில் மானேஜர் கெவின் கேஷ் அவரை இறக்கிவிட்டார். ஒரே பிட்ச்சரை மூன்றாம் முறை சந்திக்கும்போது மட்டைக்காரர்கள் மேலும் நன்றாக அடிக்கிறார்கள் என்பது புள்ளிவிவரக்காரர்கள் கண்டுபிடித்த உண்மை. ஆனால் அடுத்து வரவேண்டிய மூவரும் அன்று ஸ்னெல்லிடம் ஆளுக்கு இரண்டு தடவை ஸ்டிரைக் அவுட் ஆனவர்கள்! புது ஆள் வந்தார், முன்னணி போயிற்று, 3-1 என்று தோல்வி, தொடரும் முடிந்தது.

ஒருவர் இறக்காததற்காகத் திட்டு வாங்கினார். மற்றவர் இறக்கியதற்காகத் திட்டு வாங்கினார். ஒருவர் மனிதனின் வார்த்தையை நம்பினார். மற்றவர் கணக்கை நம்பினார். இரண்டு பேரும் ஜெயித்திருந்தால், முன்னவரை மனிதர்களின் மனம் அறிந்தவர் என்றும், பின்னவரைத் தீர்க்கதரிசி என்றும் அதே ஜனங்கள் புகழ்ந்திருப்பார்கள் அல்லவா?

ரசிகர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்த இரண்டு இரவுகளிலும் அவர்களுடைய பயம் முடிவுக்கு முன்பே பிறந்துவிட்டது. பெட்ரோ எறிந்துகொண்டிருக்கும்போதே எத்தனையோ பேர் 'போதும், இறக்குங்கள்' என்று பரிதவித்தார்கள். ஸ்னெல் நடந்து வெளியேறும்போதே 'ஐயோ' என்றவர்கள் உண்டு. அந்த 'ஐயோ' நேர்மையானது. மறுநாள் காலையில் எழுந்து, 'எனக்கு முன்பே தெரியும்' என்று சொல்கிற குரல்தான் பொய்க் குரல். பயப்பட்டது உண்மை, தெரிந்தது உண்மையில்லை.

பிராங்காவின் கதைக்கு இன்னொரு வால் உண்டு. 1951-ல் ஜயண்ட்ஸ் அணியினர் மைதானத்தின் நடுக்கோடியில் தங்கள் உடைமாற்றும் அறையில் தொலைநோக்கியை வைத்து, எதிரணியின் சைகைகளைத் திருடி, மணிக்கம்பி மூலம் தங்கள் ஆட்களுக்கு அனுப்பிவந்தார்கள் என்பது 2001-ல் ஒரு பத்திரிகையில் விவரமாக வெளிவந்தது. குறிப்பிட்ட அந்தப் பந்துக்குத் தனக்குச் சைகை வரவில்லை என்றே தாம்ஸன் சொல்லிவந்தார். பிராங்காவுக்கு இந்த ரகசியம் பல வருஷங்களுக்கு முன்பே காதில் விழுந்திருந்தது. அவர் வெளியில் பேசவில்லை. ஐம்பது வருஷம் ஒரு தேசம் 'தோற்றவன்' என்று சுட்டிக்காட்டியதைச் சுமந்துகொண்டு, தாம்ஸனுடனேயே ஒன்றாக உட்கார்ந்து ஜனங்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். முடிந்துபோனதாக நாம் நினைத்த முடிவே முடியவில்லை, பாருங்கள்!

கதை எழுதுகிற எங்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. முடிவு எங்கள் கையில் இருப்பதால், தப்பு செய்யப்போகிற பாத்திரத்தின் நெற்றியில் முதல் அத்தியாயத்திலேயே ஒரு கோடு இழுத்துவிடுகிறோம். வாசகரும் 'இவன் உருப்பட மாட்டான்' என்று சுலபமாகத் தீர்ப்பு எழுதிவிடுகிறார். நானும் இந்தக் குற்றத்தைச் செய்தவன்தான். அந்த நிமிஷத்தில் அந்த மனிதனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, எதை நம்பி அவன் அடி எடுத்து வைத்தான் என்று சொல்லத் தெரியாதபோதுதான் எழுத்தாளன் முடிவின் முதுகில் ஒளிந்துகொள்கிறான்.

கிழவன் சாந்தியாகோ இதில் எங்களைவிடக் கெட்டிக்காரன். கரையில் பையனின் பயத்தைக் கேட்டான், நம்பிக்கையைச் சொன்னான். கடலுக்குப் போன பிறகு ஆட்டங்களின் முடிவு அவனுக்குத் தெரியவே தெரியாது. தெரியாமலேதான் கடைசிவரை டிமாஜியோவை நினைத்துக்கொண்டு தூண்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான்.