தொலைவிலிருந்து வரும் பாடம்

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில், விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்துகள் அணிவகுத்து வருகின்றன. இரவு ஷிப்டு முடித்துத் திரும்பும் இளம்பெண்கள் சன்னலில் தலைசாய்த்து உறங்குகின்றனர். அவர்களுள் ஒருத்தி உறக்கத்தை விலக்கிக் கைப்பேசியில் பாடம் கேட்கிறாள் என்று கொள்வோம். பன்னிரண்டாம் வகுப்போடு வேலைக்கு வந்தவள். பட்டம் பெற விழைபவள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பெற்ற சிப்காட் விடுதி ஒன்றே 18,720 பெண்கள் தங்குவதற்கென எழுப்பப்பட்டது. இத்தகைய விருப்பத்தை நெஞ்சில் சுமப்போர் எத்தனை பேர் இருக்கக்கூடும் என்பதை நாமே எண்ணிப் பார்க்கலாம்.

கதையையும் கவிதையையும் திறனாயும் நாம், இப்பெண்ணின் கைக்கு வரும் பாடத்தைத் திறனாய்வுக்கு உரியதாகக் கருதுவதில்லை. ஆயினும் அதுவும் ஒருவர் மற்றொருவருக்குச் சொல்லும் சொல்லே. அச்சொல் அவளைச் சென்று சேர்கிறதா என்பதே இங்கு நம் வினா.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-இலும் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கின. 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. இவ்வழியில் வந்த பாடநூல்களுக்கெனத் தனி வடிவம் ஒன்று உருவாயிற்று: முதலில் நோக்கங்கள், பின்னர் விளக்கம், இடையிடையே தன்மதிப்பீட்டு வினாக்கள், இறுதியில் தொகுப்புரை. தொலைநிலைப் பாடம் கற்பவரோடு நிகழும் உரையாடலாக அமைய வேண்டும் என்று சுவீடன் நாட்டுக் கல்வியாளர் பொர்யே ஹோல்ம்பெர்க் வலியுறுத்தினார். இவ்வளவுகோல் கொண்டு நோக்கின், நம் பாடநூல்கள் பலவற்றில் உரையாடலின் வடிவம் உண்டு, குரல் இல்லை. ‘எனப்படும்’, ‘வரையறுக்கப்படுகிறது’ என்று வாக்கியங்கள் நடக்கின்றன. பேசுபவர் யார், எவரிடம் பேசுகிறார் என்பது புலப்படுவதில்லை. எனினும் அந்நூல் தமிழில் கிடைக்கிறது. ஓரத்தில் குறிப்பெழுத இடம் தருகிறது. சென்ற வாரம் விட்ட பக்கம், இந்த வாரமும் அவளுக்காகக் காத்திருக்கிறது.

இணையவழிப் பாடமோ குரலையும் முகத்தையும் மீட்டுத் தந்தது. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல்., 2017-இல் நடுவண் அரசு தொடங்கிய ‘ஸ்வயம்’ ஆகியவை சிறந்த பேராசிரியர்களின் விரிவுரையை எவரும் கேட்க வழி செய்தன. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் அறிவித்த இணையவழிப் பட்டப்படிப்பு, நான்கு வாரப் பாடமும் தகுதித் தேர்வும் வாயிலாக மாணவர்களைச் சேர்க்கிறது. தேர்வுகளை நேரில் எழுதச் செய்கிறது. முழுப் பட்டம் வரை செல்ல இயலாதவர்க்கு இடையில் சான்றிதழும் பட்டயமும் தருகிறது. பாதி வழியில் நின்றவரை வெறுங்கையோடு அனுப்பாத இவ்வமைப்பைப் பாராட்டாமல் இருக்க இயலாது.

ஆயினும் விரிவுரையின் குரல் பேசுகிறதேயன்றிக் கேட்பதில்லை. எதிரில் இருப்பவள் கண்ணயர்ந்ததை அது அறியாது. வாரந்தோறும் ஒப்படைக்க வேண்டிய பயிற்சியின் கெடு, அவளது ஷிப்டு மாறியதை அறியாது. பெரும்பாலான விரிவுரைகள் ஆங்கிலத்தில் அமைந்திருப்பதால், தமிழ்வழியில் பயின்றவள் பொருளை அறியுமுன் மொழியோடு போராட வேண்டியுள்ளது. நூலில் இருந்த பொறுமை இங்கில்லை. விரிவுரையில் உள்ள குரல் நூலில் இல்லை.

இவ்விரண்டும் தர இயலாத ஒன்றை, பழைய அஞ்சல்வழிக் கல்வியின் தொடர்பு வகுப்புகள் ஓரளவு தந்தன. விடுமுறை நாளில் எங்கோ ஒரு கல்லூரியில் கூடியோர், தம்மைப் போலவே தடுமாறும் பிறரைக் கண்டனர். ‘எனக்கு மட்டும் விளங்கவில்லை’ என்னும் தனிமை அங்கே உடைந்தது.

தொலைவிலிருந்து கற்பித்தல் நம் மரபுக்கு அயலானதன்று. புனித பவுல் கொரிந்து நகரத்தாருக்குத் திருமுகம் எழுதினார். ஆயினும் எழுத்து மட்டும் போதும் என அவர் கருதவில்லை. தம் நெறிகளை அவர்களுக்கு நினைவூட்டத் திமொத்தேயுவையும் அனுப்பினார். எழுத்தின் பின்னே ஒரு மனிதர் வந்தாக வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அம்மனிதர் இல்லாமையால் நேரும் இழப்பு சிறிதன்று. உரிய ஏற்பு பெற்ற நிறுவனங்களின் தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்கு நிகரானவை என 2022-இல் பல்கலைக்கழக மானியக்குழு அறிவித்தது. ‘உரிய ஏற்பு’ என்னும் இரு சொற்களில்தான் பலரது மூன்றாண்டு உழைப்பு தங்கியிருக்கிறது. உரிய பள்ளித் தேர்வுகளில் தேறாமல் திறந்தநிலையில் பெற்ற பட்டம் அரசுப் பணிக்கு ஏற்கப்படாது என 2009-இல் தமிழக அரசு ஆணையிட்டபோது, முன்னரே பணம் கட்டிப் படித்தோரின் நிலை என்னவாயிருக்கும்? சேருமுன் எடுத்துச் சொல்ல ஒருவர் அருகில் இருந்திருப்பின் சிலரேனும் காக்கப்பட்டிருப்பர்.

நல்ல பாடத்தை எழுதுவது பல்கலைக்கழகத்தின் கடமை. அதன் பின்னே செல்லும் மனிதராவது யார் கடமை? நம் பங்குகளில் பட்டம் பெற்றோர் உள்ளனர்; ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் உள்ளனர்; ஞாயிறு பிற்பகலில் பூட்டிக் கிடக்கும் மண்டபங்களும் உள்ளன. எந்தச் சமயத்தவராயினும், வார விடுப்பில் வரும் ஒரு பெண்ணுக்கு மேசையும், ஏற்பு உள்ளதா எனப் பார்த்துச் சொல்லும் துணையும், ஒரு மணி நேரப் பொறுமையும் அங்கே கிடைக்குமாயின், தொலைவிலிருந்து வந்த பாடம் அவளைச் சேர்ந்துவிடும். பேருந்தில் அவள் விழித்திருப்பது வீணாகாதிருக்க, நாம் சற்றே விழித்துக்கொள்ள வேண்டும்.