கறுப்புத் திரையும் பாடத்திட்டமும்

துருக்கிய, குர்து ஊடகங்களும் அங்கு தெருவில் இறங்கிய வீடியோவும் இன்று பல்கலைக் கழகப் பாடமாகிவிட்டன. பாடமானதில் தவறில்லை. எப்படிப் பாடமாகின்றன என்பதுதான் விமர்சகனின் கேள்வி. படம் யார் பக்கம் நிற்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடுவது ஒரு வழி. ஆடும் காமிரா, மங்கிய ஒளி என்று உத்திகளை அடுக்கி அழகியல் காண்பது மற்றொன்று. உள்ளடக்கவாதியும் உருவவாதியும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். அங்கே ஒரு படத்தின் உருவத்தைக் கலைஞன் தொடுமுன்பே சட்டம் தொட்டிருக்கிறது.

1983ஆம் ஆண்டின் 2932ஆம் எண் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். குர்து மொழியைத் தடைசெய்த அந்தச் சட்டத்தில் 'குர்து' என்ற சொல்லே கிடையாது. துருக்கி அங்கீகரித்த நாடுகளின் முதல் ஆட்சிமொழி அல்லாத எந்த மொழியிலும் கருத்தை வெளியிடக் கூடாது என்றது அது. ஈராக்கில் குர்துக்கு அரபிக்கு அடுத்தபடியான தகுதி இருந்தது. 'முதல்' என்ற ஒற்றைச் சொல் அந்த வாசலையும் அடைத்தது. 1991இல் சட்டம் நீங்கியது. பெயர் சொல்லாமலே இல்லாமலாக்கும் அந்த நடை நீங்கவில்லை.

'யோல்' படத்தை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சிறையிலிருந்து யில்மாஸ் கூனே எழுதித் தந்த திரைக்கதையை ஷெரிஃப் கோரென் படமாக்கினார். 1981இல் தப்பி வெளியேறிய கூனே அதை ஐரோப்பாவில் தொகுத்தார். 1982இல் கான் விழாவின் முதற்பரிசை 'மிஸ்ஸிங்' படத்துடன் பகிர்ந்துகொண்டது. துருக்கியில் 1999இல்தான் திரைக்கு வந்தது. அதுவும் 'குர்திஸ்தான்' என்று திரையில் தோன்றும் எழுத்து நீக்கப்பட்டு. அந்தப் படத்தில் குர்துகள் பெரும்பாலும் துருக்கிய மொழியில்தான் பேசுகிறார்கள். 'ஒடுக்குமுறையைச் சித்தரிக்கிறது' என்று எழுதி முடிக்கும் மாணவன், அது பாத்திரங்களின் வாயிலேயே நடந்துகொண்டிருப்பதைக் கேட்பதில்லை.

2011 டிசம்பர் 28 இரவு, ரோபோஸ்கி கிராமத்தருகே எல்லை தாண்டிச் சரக்குக் கடத்திவந்த 34 பேர் துருக்கிய விமானங்களின் குண்டுவீச்சில் மாண்டனர். பெரிய தொலைக்காட்சிகள் அதிகாரபூர்வ அறிவிப்புக்காக மணிக்கணக்கில் காத்திருந்தன. 2013 ஜூன் தொடக்கத்தில் இஸ்தான்புல் கண்ணீர்ப் புகையில் மூழ்கியபோது சிஎன்என் துருக் பெங்குவின்களைப் பற்றி ஒரு ஆவணப்படம் ஓட்டியது. மேற்குத் துருக்கியின் நடுத்தர வர்க்கம் அன்று கண்டு திகைத்த மௌனத்தைக் குர்துப் பகுதி நெடுங்காலமாக அறிந்திருந்தது.

அந்த கேசி எழுச்சியின் பின் பிறந்தது 'பாக்.மா' காப்பகம். துருக்கிய மொழியில் 'பாக்' என்றால் பார். 'பாக்மா' என்றால் பார்க்காதே. இந்தியாவின் 'பாட்.மா' இயங்கும் அதே மென்பொருளில் இயங்குவது. காட்சியின் நொடிகளுக்குப் பக்கத்திலேயே குறிப்பெழுத இடமுண்டு. இங்கே சேர்ந்திருக்கும் பச்சைக் காட்சிகளைக் கலப்பற்ற யதார்த்தம் என்று கொண்டாடுவது பேதைமை. முகங்களை விட்டு முதுகுகளையும் கால்களையும் எடுக்கும் காமிரா ஒரு முடிவெடுத்திருக்கிறது. நினைவுக்கென்று சேமித்த முகம் நாளை வழக்குக் கட்டில் சாட்சியமாகலாம். எதைக் காட்டாமல் விடுவது என்பது அழகியல் பிரச்னை. அதுவே அறப் பிரச்னையும். இரண்டையும் தனித்தனி வகுப்பில் வைக்கும் பாடத்திட்டம் எதையும் கற்பிக்கவில்லை.

ஆசிரியரும் இதற்கு வெளியே நிற்க முடியாது. 2016 ஜனவரி 11 அன்று, குர்துப் பகுதியில் நடந்த ராணுவ நடவடிக்கைகளை நிறுத்தக் கோரிய அறிக்கை 1,128 கல்வியாளர்களின் கையெழுத்துடன் வெளிவந்தது. 2017 பிப்ரவரி 7 அவசரகால ஆணை ஒன்று 330 கல்வியாளர்களை வேலையிலிருந்து நீக்கியது. அவர்களில் அறிக்கையில் கையெழுத்திட்டவர்கள் பலர். அங்காராவில் தொடர்பியல் துறையே காலியானது போலாயிற்று. சில நாளில் ஜெபெஜி வளாக வாசலில் அவர்கள் தங்கள் அங்கிகளைத் தரையில் விரித்தார்கள். போலீஸ் பூட்ஸ்கள் அவற்றின் மேல் நடந்தன. அந்தக் காட்சி நாடெங்கும் பரவியது. காட்சியை வாசிக்கக் கற்றுத் தந்தவர்களே காட்சியானார்கள். பின்னர் பூங்காவில் பாடம் நடத்தினார்கள். 2019 ஜூலையில் அரசியல் சாசன நீதிமன்றம் கையெழுத்திட்டவர்களைத் தண்டித்தது கருத்துரிமை மீறல் என்றது. பறிபோன நாற்காலிகள் அதனால் தாமாகத் திரும்பிவிடவில்லை.

அப்படியானால் லண்டனிலும் பெர்லினிலும் நடக்கும் வகுப்புகள் பொய்யா? அப்படிச் சொல்வது சுலபமான வீரம். முதல் குர்துச் செயற்கைக்கோள் தொலைக்காட்சியான மெட் டிவிக்கு 1995இல் இடம் கொடுத்தது லண்டன்தான். 1999இல் உரிமத்தைப் பறித்ததும் அதே பிரிட்டன்தான். தூரம் சில வேளை ஒன்றே எஞ்சிய இடம். ஆனால் தூரத்திலிருந்து வாசிப்பவன் தன் பத்திரத்தையும் வாசிப்பின் கணக்கில் சேர்க்க வேண்டும். காமிரா எங்கே நின்றது என்று கேட்பவன் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்றும் கேட்டாக வேண்டும்.

2017இல் வந்தது கஸிம் ஓஸின் 'ஸேர்'. 1938 தெர்சிம் படுகொலையில் தப்பிய பாட்டியின் பாடலைத் தேடிச் செல்லும் பேரனின் கதை. கலாசார அமைச்சகம் ஆட்சேபித்த காட்சிகளை இயக்குநர் வெட்டி ஒட்டி மறைக்கவில்லை. திரையைக் கறுப்பாக்கி, இக்காட்சியை நீங்கள் ஏன் பார்க்க முடியவில்லை என்பதை அதன்மேல் எழுதிக் காட்டினார். அதைக் குறியீடு என்று விளக்கத் தொடங்கும் பேராசிரியர் அதைக் கொன்றுவிடுவார். அது குறியீடல்ல, ரசீது. எடுத்துக்கொண்டது யார், எந்த இடத்தில், எத்தனை நொடி என்று அதில் பதிவாகியிருக்கிறது. அதை வாசிக்கக் கற்பித்தால் போதும்.