மனையியலும் ஆண்களின் விடுதலையும்

இளைஞர்களுக்கு வீட்டு வேலையையும் குடும்பம் நடத்துவதையும் பள்ளியிலேயே கற்றுத்தர வேண்டும் என்ற குரல் மறுபடி கேட்கிறது. சிற்றிதழ் வட்டத்தில் நாம் இதைப் பேசுவதில்லை; சமையலும் துவைத்தலும் கோட்பாட்டுக்கு உகந்தவையாகத் தெரியவில்லை போலும். பெண்ணியத் தோழர்களோ மனையியல் என்றதும் முகம் சுளிக்கிறார்கள். பெண்ணை அடுப்பங்கரைக்குத் தயார்படுத்தும் பாடம், ஒழியட்டும் என்கிறார்கள். அந்த எதிர்ப்பின் நியாயத்தை ஏற்கிறேன். ஆனால் அது யாருக்கு லாபமாக முடிந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் மொழி. 'இல்லாள்' வீட்டுக்கு உரியவள். அதன் ஆண்பாலாக வரவேண்டிய 'இல்லான்' நம் வழக்கில் ஏதுமற்றவன். வீட்டோடு ஆணைப் பிணைக்கும் சொல்லை மொழி காலிசெய்து வைத்திருக்கிறது. குறளில் 'இல்வாழ்க்கை' அதிகாரத்தின் எழுவாய் ஆண். அடுத்த அதிகாரத்தில் பெண் 'வாழ்க்கைத் துணை'யாக வருகிறாள், மதிப்பிடப்படுகிறாள். இந்தச் சொல்லாடலின் நீட்சிதான் "பொம்பளப் புள்ளைக்கு இதுகூடத் தெரியாட்டி போற எடத்துல என்ன சொல்லுவாங்க" என்பது. 'போற எடம்' என்பதைக் கவனியுங்கள். அவள் கற்பது தனக்காக இல்லை. இன்னும் பார்த்திராத ஒரு மாமியார் நடத்தப்போகும் பரீட்சைக்காக.

நவீனக் கல்வி இந்தப் பரீட்சைக்கு 'அறிவியல்' என்ற பெயரைக் கொடுத்தது. 1932இல் டெல்லியில் லேடி இர்வின் கல்லூரி, 1957இல் கோவையில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி என்று அது நிறுவனமானது. இதை வெறும் சதியாக வாசிப்பதும் தவறு. அமெரிக்காவில் இத்துறைக்கு அடித்தளமிட்ட எல்லன் ரிச்சர்ட்ஸ் ஒரு வேதியியலாளர். ஆய்வுக்கூடத்தின் கதவு பெண்ணுக்குச் சாத்தியிருந்த காலத்தில் சமையலறை வழியாக அறிவியலுக்குள் நுழைய ஒரு பாதை போட்டார். நம் ஊரிலும் எத்தனையோ பெண்களுக்குப் பட்டமும் வேலையும் கிடைத்தது இந்தப் பாதையில்தான். ஆனால் பாதை பெண்ணுக்கு மட்டும் என்று போடப்பட்டது.

1952-53இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு, பெண்கள் பள்ளிகளிலும் இருபாலர் பள்ளிகளிலும் மனையியலுக்குத் தனி வசதி செய்யச் சொன்னது. ஆண்கள் பள்ளி அந்தப் பட்டியலில் இல்லை. பாலின அடிப்படையில் பாடத்திட்டத்தைப் பிரிக்க வேண்டியதில்லை என்று ஹன்சா மேத்தா குழு 1962இல் சொன்னது. 1964-66இன் கோத்தாரி ஆணையம் அதை வழிமொழிந்து, மனையியலைப் பெண்களுக்குக் கட்டாயமாக்காமல் விருப்பப் பாடமாக வைக்கச் சொன்னது. முற்போக்கான முடிவுதான். நடந்தது என்ன? பாடம் பள்ளியில் விருப்பமாயிற்று. வேலை வீட்டில் பெண்ணுக்குக் கட்டாயமாகவே நீடித்தது. பையன் எதையும் கற்காமலே தப்பித்தான். எங்கள் பள்ளியில் தையல் வகுப்பு நேரத்தில் ஆண்பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த மைதானம்தான் கோத்தாரி ஆணையத்தின் உண்மையான பயனாளி.

2019 தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் ஊதியமில்லாத வீட்டு வேலை செய்ததாகப் பதிவான பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம். செய்தவர்களை மட்டும் எடுத்தால் பெண் ஒரு நாளில் 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். 2023 செப்டம்பரில் தமிழக அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரத் தொடங்கியபோது அதை அவர்கள் உழைப்புக்கான அங்கீகாரம் என்றது. ஆக, வீட்டு வேலை உழைப்பு என்று அரசுக் கஜானாவுக்கே தெரிந்துவிட்டது. பாடநூலுக்கு அது பண்பு, அல்லது திறன். உலக சுகாதார நிறுவனம் 1990களில் முன்வைத்த பத்து வாழ்க்கைத் திறன்களில் முடிவெடுத்தல் உண்டு, பரிவு உண்டு, மன அழுத்தத்தைச் சமாளித்தல் உண்டு. பாத்திரம் தேய்ப்பது கிடையாது.

மனையியலின் பெரிய மௌனம் சாதி. சுத்தம், சுகாதாரம் என்று பக்கம் பக்கமாக எழுதும் பாடம், யார் சமைத்ததை யார் சாப்பிட மறுக்கிறார்கள் என்பதைத் தொடுவதேயில்லை. 2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் ஒரு தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் தகராறு செய்தார்கள். முதலில் அவரைத்தான் இடமாற்றம் செய்தார்கள். எதிர்ப்புக்குப் பிறகே அந்த உத்தரவு ரத்தானது. அங்கே பிள்ளைகள் அன்று கற்ற மனையியல் எந்தப் பாடநூலிலும் இல்லாதது. ஒருவனுக்கு ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, யார் கை பட்ட ரசத்தை அவன் குடிப்பான் என்று கேட்காமல் விடுவது கல்வியாகாது.

எனவே பாடத்தை ஒழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எல்லோருக்கும் கட்டாயமாக்கிவிட்டு, உள்ளடக்கத்தை மாற்ற வேண்டும். பெண்களுக்கு மட்டும் கட்டாயமாக இருந்ததை ஜப்பான் 1993இல் நடுநிலைப் பள்ளியிலும் 1994இல் மேல்நிலையிலும் இருபாலருக்கும் ஆக்கியது. அதனால் அங்கே வீட்டு வேலை சரிபாதியாகிவிடவில்லை. வகுப்பறை மட்டும் அதைச் சாதிக்காது. ஆனால் 'எனக்குத் தெரியாதே' என்று ஆண் ஒதுங்கும் வசதி பறிபோகிறது. 2024இல் கேரளத்தின் மூன்றாம் வகுப்புப் பாடநூலில் அப்பா தேங்காய் துருவும் படம் வந்தது. நல்லது. படத்தோடு நிற்காமல், உங்கள் வீட்டில் யார் எத்தனை மணிக்கு எழுகிறார்கள், யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள், கழிவறையை யார் கழுவுகிறார்கள், அவருக்கு என்ன கூலி என்று பிள்ளைகளையே கணக்கெடுத்துவரச் சொல்லும் பயிற்சிகள் வேண்டும். சோறு வடிப்பதும் அந்தக் கணக்கும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும்.

இயக்கங்கள் நடத்தும் பயிற்சி முகாம்களில் இதைத் தொடங்க யாருடைய அனுமதியும் வேண்டாம். அரசியல் பொருளாதார வகுப்பு முடிந்ததும் ஆண் தோழர்கள் விவாதத்துக்கு வட்டமாக உட்கார, பெண் தோழர்கள் பரிமாற எழுந்துபோவதை எத்தனையோ முகாம்களில் பார்த்தாயிற்று. அடுத்த முகாமின் நிகழ்ச்சி நிரலில் சமையல் முறை, பாத்திர முறை, கழிவறை முறை மூன்றையும் பெயர் போட்டு அச்சடியுங்கள். பேச்சாளர்கள் பெயரும் அதில் இருக்கட்டும்.