இரண்டாவது கியர் ராடு

என் ஜிப்ஸியில் முதன்முறை ஏறுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: “இதென்ன, ரெண்டு கியர் ராடு?” பதினெட்டு வருடமாகப் பதில் சொல்லி வருகிறேன், இன்னும் அலுக்கவில்லை. உயரமாக நிற்பது வழக்கமான ஐந்து கியர். அதை ஒட்டிக் குட்டையாக நிற்பது டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு உரியது. பின்சக்கரம் இரண்டும் மட்டும் இழுப்பதா, நான்கும் இழுப்பதா, நான்கும் இழுத்தால் ஹையிலா லோவிலா என்பதெல்லாம் அதன் பொறுப்பு.

கோத்தகிரி கடைவீதியில் முன்னால் நிற்கும் பஸ் ஆள் ஏற்றி முடிக்கும்வரை இந்த இரண்டு ராடுகளையும் பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டின் நடுக்கமும் வேறுவேறு. ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியதல்ல. தனிப் பெட்டியாக, தனக்கென்று வைத்த ரப்பர் தாங்கிகளில் தொங்குகிறது. ஒரு குட்டி ஷாஃப்ட்தான் இரண்டுக்கும் உறவு. அதனால் பெரிய ராடு இன்ஜினோடு சேர்ந்து துடிக்கும். சின்னது தன் போக்கில், கொஞ்சம் நிதானமாக ஆடும். ஒரே தாளத்துக்கு அண்ணனும் தம்பியும் ஆடுவதுபோல இருக்கும்.

அந்தப் பெட்டியின் பல் கணக்கு எனக்கு மனப்பாடம். ஹையில் 1.409, லோவில் 2.268. நயம் முதல் எண்ணில்தான் இருக்கிறது. பல ஜீப்புகளில் ஹை என்றால் ஒன்றுக்கு ஒன்று. இழுவை நேராகப் புகுந்து நேராக வெளியே போய்விடும். இங்கே அப்படியில்லை. பால் வாங்கப் போனாலும் சரி, பள்ளத்தில் இறங்கினாலும் சரி, பற்களைக் கடந்துதான் சக்கரத்துக்குப் போயாக வேண்டும். அதனால் வண்டி ஓடும்வரை ஒரு ரீங்காரம் ஓயாது. வேகம் கூடக் கூடச் சுருதி ஏறும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ஓசை சட்டென்று மாறும். அதுவரை பல்லின் ஒரு முகம் சுமை தாங்கியது. இப்போது இழுப்பது இன்ஜின் அல்ல, சக்கரம். பல்லின் மறுமுகத்துக்குச் சுமை மாறிவிட்டது.

இது புரிய எனக்கு ஐந்தாறு வருடம் ஆயிற்று. மேட்டுப்பாளையத்துக்கு சுமார் 33 கிலோமீட்டர் இறக்கம். கியரில் பிடித்து இறங்கும்போது கேட்பது மறுமுகத்தின் குரல்; மாலையில் ஏறி வரும்போது கேட்பது இந்த முகத்தின் குரல். ஒரே சாலைதான், ஆனால் போகும்போது ஒரு பாட்டு, வரும்போது ஒரு பாட்டு. மேட்டுப்பாளையத்தில் என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் பாய், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கிலோமீட்டர் வந்தால் போதும். “சார், டிரான்ஸ்ஃபர்ல ஆயில் மாத்தி எவ்வளவு நாளாச்சு?” என்பார். அவர் கேட்ட நாளிலெல்லாம் மாற்ற வேண்டிய நாள் வந்திருக்கும்.

1985 டிசம்பரில் ஜிப்ஸி வந்தபோது அதில் இருந்தது 970 சிசி இன்ஜின், 45 குதிரைத்திறன், நான்கே கியர். 1993இல் சக்கரங்களின் இடைவெளி அகன்றது. 1996இல் 1.3 லிட்டர் வந்தது. 2000இல் எம்பிஎஃப்ஐ எரிபொருள் முறை சேர்ந்து 80 குதிரைத்திறன் ஆயிற்று. என்னுடையது அந்த வகையில் 2003ஆம் வருடத்து வண்டி, கை மாறி வந்தது. 2019இல் விற்பனை நின்றது. அத்தனை காலமும் முகம் ஏறக்குறைய அதே முகம்: தட்டையான பானட், செங்குத்தான கண்ணாடி. பழசு என்று சிலர் சொல்வது அதைத்தான். எனக்கு அதில்தான் பிழைப்பு. ஓட்டுகிற இடத்திலிருந்து பானட்டின் இரண்டு மூலையும் கண்ணுக்குத் தெரியும். கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்தால் ஓரத்துச் சுவருக்கும் எனக்கும் ஒரு சாண் இருக்கிறதா, இரண்டு விரற்கடைதானா என்று கண்ணாலேயே அளந்துவிடலாம். அகலம் 1540 மில்லிமீட்டர், அதாவது ஐந்தடிக்குச் சற்றே அதிகம். எங்கள் ஊர்ச் சந்துகளுக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல.

2018இல் பதினைந்து வருடம் முடிந்து ஆர்சி புதுப்பிக்கப் போனேன், 2023இல் மறுபடியும். இரண்டு முறையும் சேஸிஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார்கள். கறுப்புக்குள்ளிருந்து எழுத்தும் எண்ணும் ஒவ்வொன்றாக வெளுத்து எழுந்தன. அந்தக் காகிதத்தில் ஒரு பிரதி கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

பட்டா ஸ்பிரிங்குகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நான்கு சக்கரத்துக்கும் பட்டாதான், காயில் ஸ்பிரிங் கிடையாது. ஆளில்லாமல் போனால் பின்பக்கம் துள்ளும். பச்சைத் தேயிலை மூட்டை நாலு ஏற்றிவிட்டால் நடையே வேறு. பட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, லேசாக முனகி, வண்டி ஒரு அங்குலம் அமர்ந்துகொள்ளும். பிறகு பள்ளத்தில் விழுந்தாலும் ‘தொம்’ என்று ஒரே ஓசைதான். சுமை ஏறிய பிறகே நிதானம் வருகிற நடை அது.

கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெருமழை. கான்வாஸ் ஹூட்டின் மேல் தூறல் விழுந்தால் வறுத்த கடுகைக் கொட்டுவதுபோல இருக்கும்; பெரிய துளி என்றால் முரசு. அந்த நாட்களில் வீட்டுக்குத் திரும்பும் கடைசி முக்கால் கிலோமீட்டர் மண்பாதையில் சின்ன ராடுக்கு வேலை வரும். கான்வாஸ் வண்டியின் எடை 985 கிலோதான். கனத்த வண்டி அழுந்திப் புதைகிற சேற்றில் இது மேலோடு நடந்துவிடும்.

பாதை தொடங்கும் முன் இறங்கி, முன்சக்கரம் இரண்டின் நடுவிலும் இருக்கும் ஹப்பைத் திருக வேண்டும். முன்பு வைத்திருந்தவர் மாட்டிய ஃப்ரீவீல் ஹப் அது. தார் ரோட்டில் அதை விடுவித்து வைத்தால் சக்கரம் மட்டும் உருளும்; முன் ஆக்ஸிலும் ஷாஃப்டும் அசையாமல் ஓய்வெடுக்கும். திருகினால் உள்ளே பல்லோடு பல் சேரும். சில நாள் உடனே சேராது. ஒரு முழம் வண்டியை நகர்த்தினால் ‘க்ளக்’ என்று விழும். புது வண்டிகளில் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு குமிழைத் திருகினால் போதும் என்கிறார்கள். வசதிதான். ஆனால் ஈர இரும்பில் கையை வைத்து, பல் விழுவதை விரல் நுனியில் வாங்கும் அந்த ஒரு நொடியை நான் எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

சேறு முடிந்து கெட்டித் தரை வந்ததும் இன்னொரு நுட்பம் உண்டு. வளைவில் முன்சக்கரம் போகும் தூரம் பின்சக்கரத்தைவிட அதிகம். முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒரே வேகத்தில் பூட்டி வைத்திருப்பதால் அந்த வித்தியாசம் அவற்றில் முறுக்காகச் சேர்ந்துவிடும். ஸ்டியரிங் கனக்கும், சின்ன ராடு வெளியே வர மறுக்கும். வலுவாக இழுக்கக் கூடாது. ரிவர்ஸில் ஒரு கஜம் பின்னால் வந்தால் முறுக்கு தானாக அவிழும். ராடு வெண்ணெய்போல வழுக்கி வரும்.

வண்டி வாங்கியபோது மகளுக்கு ஐந்து வயது. மழையில் நான் இறங்கி ஹப் திருகுவதைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருப்பாள். போன கார்த்திகையில் ஊருக்கு வந்தவள், பாதை தொடங்குமிடத்தில் நான் கதவைத் திறப்பதற்குள் குதித்து இறங்கிவிட்டாள். வெளியே டார்ச் வெளிச்சம் இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரத்துக்குப் போயிற்று.

“ரெண்டு பக்கமும் போட்டியாம்மா?”

“போட்டாச்சுப்பா. இடது பக்கம் இன்னும் விழல. கொஞ்சம் முன்னால எடுங்க.”

ஒரு முழம் எடுத்தேன். ‘க்ளக்.’