மாலை ஏழு மணி முழக்கம்

ஹீத்ரோ விமான நிலையத்தின் மேற்கு வேலியை அடுத்த கோல்ன்புரூக் என்னும் சிற்றூரில் நான் குடியிருந்த பத்தாண்டுகளில், சாயரட்சை மணி ஒலிப்பதற்காகப் பிராகாரத்தில் காத்து நிற்கும் பக்தனைப்போல, நியூயார்க்குக்குப் புறப்படும் கான்கார்டு ஆகாயவிமானத்தின் முழக்கத்துக்காக மாலை வேளைகளில் கொல்லைப்புறத்தில் காத்து நின்றிருக்கிறேன். அட்டவணையில் ஏழு மணி என்று போட்டிருக்கும். அது விமானம் தன் நிலையை விட்டு அசையும் நேரமே ஆதலால், ஓடுபாதையின் கீழ்க்கோடிக்கு அது ஊர்ந்து சென்று திரும்பி நிற்க மேலும் கால் மணி நேரமாவது ஆகும். அந்தக் காத்திருப்பும் ரசனையின் ஓர் அங்கம் என்றே கருதுகிறேன். தம்புராவுக்குச் சுருதி கூட்டும்போது சபை மெல்ல அடங்குவதுபோல, மற்ற விமானங்களின் சாமானிய ஓசைகளை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்து, கடைசியில் அந்த ஒன்றுக்காக மட்டும் செவி திறந்து நிற்கும்.

எனக்கு இந்தப் பித்துப் பிடித்தது பல்லாவரத்தில். மீனம்பாக்கத்து ஓடுபாதையை ஒட்டி நிற்கும் திரிசூலம் மலைச்சரிவில் ஏறி உட்கார்ந்துகொண்டால், வந்து போகும் விமானங்கள் அனைத்தும் காலடியில் தெரியும். வைக்கவுண்ட் விமானத்தின் கூரிய சீழ்க்கையையே பெரிய சங்கீதமாக எண்ணிக்கொண்டிருந்த எங்கள் செவிகளில், 1964-இல் இந்தியன் ஏர்லைன்ஸ் கொணர்ந்த கரவெல் ஜெட் விமானத்தின் கர்ஜனை வந்து விழுந்தபோது, இத்தனை காலம் புல்லாங்குழலை மட்டுமே கேட்டிருந்தவன் முதல்முறையாக ராஜகோபுர வாசலில் பெரிய மேளத்தைக் கேட்டதுபோல் இருந்தது. வால்புறத்தில் பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டியிருந்த இரண்டு ஏவன் எஞ்சின்கள், மலையின் பாறைகளில் மோதித் திரும்பும் நாதத்தை ஓர் அரை நிமிஷம் அங்கேயே சுழலவிட்டுச் சென்றன. அப்போது என்னைக் குழப்பிய விஷயம் ஒன்றுண்டு. விமானம் எதிரே வரும்போது எழும் சப்தம் அற்பமாகவும், அது எங்களைக் கடந்து போன பிறகு வருவதோ பன்மடங்காகவும் இருந்தது. நெருங்குவதைவிட விலகுவது ஏன் அதிகமாக முழங்க வேண்டும்? பள்ளி ஆசிரியரிடம் கேட்டேன். மலையின் எதிரொலி என்று சொல்லி அனுப்பிவிட்டார். மலையே இல்லாத இடத்திலும் அப்படித்தான் என்பதைப் பின்னர் அறிந்தேன்.

விடை கிடைத்தது, பொறியியல் படிக்கும்போது, ஜேம்ஸ் லைட்ஹில் என்ற ஆங்கிலேய கணித மேதை 1952-இல் வெளியிட்ட ஆராய்ச்சியைப் பற்றிப் படித்தபோதுதான். ஜெட்டின் கர்ஜனை எஞ்சினுக்குள் பிறப்பதன்று என்பதே அதில் என்னை முதலில் வியக்க வைத்த செய்தி. எஞ்சினுக்குள் பிறப்பது டர்பைன்களும் கம்ப்ரஸர்களும் எழுப்பும் ரீங்காரம் மாத்திரமே; கர்ஜனையோ, குழாயை விட்டுப் பீறிட்டு வெளியேறிய உஷ்ணப் பிரவாகம், அசைவற்றிருக்கும் வெளிக்காற்றோடு மோதிக் கலந்து சுழிசுழியாக உடையும் இடத்தில், விமானத்துக்குப் பின்னால், வெட்டவெளியில் பிறக்கிறது. குழாயின் வாயருகே சிறு சுழிகள் உயர்ந்த சுருதியையும், தொலைவில் விரிந்து பருத்த பெருஞ்சுழிகள் அடிவயிற்றில் அதிரும் மந்திரத்தையும் தருகின்றன. அந்தச் சுழிகள் பின்னோக்கி ஓடுவதால், அவை எழுப்பும் நாதமும் பெரும்பாலும் பின்புறமாகச் சாய்ந்தே பாய்கிறது. திரிசூலத்துச் சிறுவனின் கேள்விக்கு விடை இதுவே. அந்தப் பிரவாகத்தின் வேகம் இரு மடங்கானால் ஒலியின் சக்தி எட்டாம் படியாக, அதாவது 256 மடங்காக ஏறும் என்றும் லைட்ஹில் கணக்கிட்டுக் காட்டினார். வேகத்தின்மேல் ஆசைப்பட்ட மனிதன் சப்தமாகக் கொடுத்த விலை இந்த ஒரே சூத்திரத்தில் அடங்கிவிடுகிறது.

கான்கார்டின் எஞ்சினுக்கு ஒலிம்பஸ் என்று பெயர். அதன் குலமுறையை அறியாமல் அதன் குரலை முழுமையாக ரசிக்க முடியாது. பிரிஸ்டல் கம்பெனியார் 1950-இல் முதன்முதலாக ஓட்டிப் பார்த்த அந்த எஞ்சின் அமர்ந்து பெயர் பெற்றது வல்கன் என்னும் முக்கோணச் சிறகு குண்டுவீச்சு விமானத்தில். அந்த விமானத்தின் முதல் மாதிரி, அப்போதைக்கு ஏவன் எஞ்சின்களோடு, 1952 ஆகஸ்ட் 30-ஆம் நாள் முதன்முறையாகப் பறந்தது. வல்கனின் குரலைக் கேட்டவர்கள் அதை ஊளை என்பார்கள். எஞ்சின் ஏறத்தாழ 90 சதவீத வேகத்தை எட்டும் ஒரு குறிப்பிட்ட நிலையில், சிறகின் முன்விளிம்பில் வாய் பிளந்திருக்கும் காற்றுவழிகளுக்குள் நுழையும் காற்று, குழலின் துளையில் ஊதினாற்போல் ஒத்ததிர்ந்து, துக்கமும் ஆக்ரோஷமும் கலந்த நீண்ட ஓலத்தை எழுப்பும். விமானி வேகத்தைச் சற்று ஏற்றினாலும் இறக்கினாலும் அது மறைந்துவிடும். பொதுமக்களின் நன்கொடையால் புதுப்பிக்கப்பட்டு 2007-இல் மீண்டும் பறந்த எக்ஸ்எச் 558 என்னும் வல்கன், 2015 அக்டோபரில் இறுதியாக இறங்கும் வரையில் அந்த ஊளையைக் கேட்கவென்றே ஜனங்கள் வயல்வெளிகளில் திரண்டு நின்றார்கள். இருமுறை நானும் நின்றேன். கான்கார்டுக்கென வளர்த்தெடுத்த ஒலிம்பஸ் 593 எஞ்சினை ஆகாயத்தில் முதலில் சோதித்தபோது, அதைச் சுமந்து பறந்ததும் ஒரு வல்கனே. தாய் தன் வயிற்றின்கீழ்க் குட்டியைக் கட்டிக்கொண்டு திரிவதுபோல, தன் மூத்த தலைமுறை எஞ்சின்கள் நான்கும் முழங்க, ஐந்தாவதாக அதைச் சுமந்தது.

பேரொலி அனைத்தும் ரசனைக்குரியதென்று நான் வாதிடவில்லை. அமெரிக்கர்கள் 1955-இல் எட்வர்ட்ஸ் தளத்தில் பறக்கவிட்ட எக்ஸ்எஃப்-84எச் என்ற விமானத்தின் விசிறி இதழ்கள், தரையில் நிற்கும்போதே முனையில் ஒலியின் வேகத்தை மிஞ்சிச் சுழன்றதால், பக்கத்தில் நின்றவர்களுக்குக் குமட்டலும் தலைச்சுற்றலும் உண்டாயின. ஆரம்பமும் முடிவும் இல்லாமல் ஒரே அதிர்ச்சியாகச் செவியை அறையும் அதை இம்சை என்றுதான் சொல்ல வேண்டும். கான்கார்டின் முழக்கத்துக்கோ அமைப்பு உண்டு, வளர்ச்சி உண்டு, உச்சமும் அடக்கமும் உண்டு.

மேற்குக் காற்று வீசும் நாட்களில், அங்கே பெரும்பாலும் அக்காற்றே, விமானங்கள் எங்கள் ஊரை நோக்கியே எழும். வடக்கு ஓடுபாதையின் நீளம் ஏறத்தாழ 4 கிலோமீட்டர். ஆகவே கீழ்க்கோடியில் விமானி எஞ்சின்களை முழுவிசைக்குத் தள்ளி, குழாய்களின் உஷ்ணப் பிரவாகத்தில் மீண்டும் எரிபொருளைப் பாய்ச்சும் அந்த க்ஷணத்துக்கும், அதன் ஒலி எங்களை வந்தடைவதற்கும் இடையே பதினொரு பன்னிரண்டு நொடிகள் நிசப்தமாகக் கழியும். நகரத் தொடங்கிவிட்டது என்று கண் சொல்லும்; செவிக்கு இன்னும் செய்தி வராது. பிறகு தொலைவில் ஒரு முணுமுணுப்பு. விமானம் நெருங்க நெருங்க அந்த முணுமுணுப்பு பெரிதாகாமல் ஒருவித இறுக்கம் மட்டுமே கூடும். கம்ப்ரஸர்களின் கூரிய ரீங்காரம் அதன்மேல் ஒரு கம்பியைப்போல நீளும். வெண்ணிறக் கொக்கு ஒன்று கழுத்தை நிமிர்த்தி எழுவதுபோல அது தரையை விட்டெழுந்து தலைக்குமேல் வந்து, கடந்தும் போகும். கடந்த பின்னரே, ஒவ்வொன்றும் 38,000 பவுண்டு விசை கொண்ட அந்த நான்கு எஞ்சின்களின் முழு நாதமும் நம்மேல் இறங்கும். சன்னல் கண்ணாடிகள் சட்டத்துக்குள் சலசலக்கும். தெருவில் நின்ற கார்களின் எச்சரிக்கை மணிகள் ஒவ்வொன்றாக அலறும். வேலியின்மேல் வைத்த உள்ளங்கை சப்தத்தைக் கேட்கும். அந்தப் பெருநாதத்தின் மேற்பரப்பில் கோடித்துணியை முழக்கணக்கில் கிழிப்பதுபோன்ற ஒரு படபடப்பு ஓடிக்கொண்டிருக்கும். ஒலிவேகத்தை மிஞ்சும் ஜெட் பிரவாகத்தில் காற்றழுத்தம் கூர்கூராகத் திடீரெனத் துள்ளுவதால் உண்டாவது அது. ஃபௌக்ஸ் வில்லியம்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியரும் சகாக்களும் 1975-இல் அதைத் தனியே ஆராய்ந்து, எரிச்சலூட்டும் அம்சம் என்றே வகைப்படுத்தினார்கள். பேராசிரியரிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆயினும் அந்தப் படபடப்பு இல்லாத கான்கார்டு, தவில் இல்லாத நாதஸ்வரம் என்பேன். ஒரு நிமிஷத்துக்குச் சற்றே மேல் கழிந்ததும், கீழே வாழும் மக்களை முன்னிட்டு விமானி அந்த மறுஎரிப்பை அணைத்து விசையையும் தணிப்பார். மேகங்களுக்குள்ளிருந்து ஆழ்ந்த மந்திர ஸ்தாயி மாத்திரம் வெகுநேரம் உருண்டு வந்துகொண்டிருக்கும்.

அந்த மக்களின் தரப்பும் நியாயமானதே. விமான இரைச்சலுக்கென வகுத்த அலகில் அதன் புறப்பாடு ஏறத்தாழ 119 டெசிபெல். நியூயார்க்கின் ஹவர்ட் பீச் வாசிகள் அதை எதிர்த்துச் சாலைகளில் ஊர்வலம் நடத்தினார்கள்; 1977 நவம்பர் வரை அந்நகருக்கு அதன் பயணிச் சேவை தொடங்க முடியவில்லை. இன்றைய எஞ்சின்கள் பெரிய விசிறியால் ஏராளமான காற்றை மெதுவாகத் தள்ளுகின்றன. அதே விசையைத் தணிந்த வேகத்தில் பெறுவதால், லைட்ஹிலின் எட்டாம் படி இப்போது நமக்குச் சாதகமாக வேலை செய்கிறது. ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தில் செல்ல வேண்டியிருந்த கான்கார்டுக்கோ அவ்வளவு அகன்ற விசிறியைச் சுமக்க வழியில்லை. அதன் இரைச்சல் அலட்சியத்தால் வந்ததன்று.

இவ்வளவும் நான் ஓயாமல் பேசக் கேட்டவர் ஒருவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அடுத்த வீட்டில் மகளுடன் தங்கியிருந்த முதியவர். கான்கார்டின் முதல் முணுமுணுப்பு எனக்குக் கேட்பதற்கு முன்பே அவருக்குக் கேட்டுவிடும். எந்தத் திசையில் எழுகிறது, திரும்புகிறதா நேரே போகிறதா என்பதைத் தலை நிமிராமலே சொல்வார். நான் ரசனையால் பழக்கிய செவியைவிட நுட்பமான செவி அது. பங்கருக்குள் பேரப்பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, குண்டு வீச வரும் கிபிர் விமானங்களைக் கேட்டுப் பழகியது. கான்கார்டின் குரலில் அச்செவி கிபிரை அடையாளம் கண்டதும் பிழையன்று. கிபிரின் எஞ்சினும் மறுஎரிப்புடன் கூடிய பழைய ரக டர்போஜெட். ரஷ்யர்களின் து-144 நீங்கலாகப் பயணி விமானங்களில் அப்படிப்பட்ட குரல் கான்கார்டுக்கு மட்டுமே உண்டு. "உது சனத்தை ஏத்திற பிளேன் எண்டு எனக்குத் தெரியும் தம்பி, காதுக்குத்தான் தெரியேல்லை" என்றார் ஒருநாள். ஏழு மணி ஆனதும் எழுந்து உள்ளே போய்விடுவார். முழக்கம் அடங்கியபின் கதவைத் திறந்து என்னைக் கேட்டுக்கொண்ட பிறகே வெளியே வருவார்.

2003 அக்டோபரில் கான்கார்டு சேவை நிறுத்தப்படுவதாக இருந்த அந்தக் கடைசி வாரத்தில் ஒருநாள், நல்லதொரு கேசட் ரிகார்டரைக் கொல்லைப்புற மேசைமேல் வைத்து அந்த முழக்கத்தைப் பதிவு செய்தேன். வீதிப் புறப்பாட்டில் வாசிக்கும் நாதஸ்வரம் அறைக்குள் அடங்காததுபோல, அதுவும் நாடாவுக்குள் அடங்கவில்லை. ஊசி சிவப்புக் கோட்டைத் தாண்டி அங்கேயே ஒட்டிக்கொண்டது. படபடப்பின் கூர்முனைகள் யாவும் மழுங்கி, மழைக்காலத்துப் பழுதுபட்ட ரேடியோவின் வெறும் இரைச்சலாக எஞ்சின. இன்று அந்த விமானங்களை மான்செஸ்டரிலும் பிரிஸ்டலிலும் நியூயார்க் கப்பலோரத்திலும் பார்க்கலாம். எங்கும் அவை மௌனமாக நிற்கின்றன. நாடாவில் தெளிவாகக் கேட்பவை, முழக்கத்துக்கு முந்திய பன்னிரண்டு நொடிகளில் யாரோ ஒரு வாயிற்கதவைச் சாத்தும் ஓசையும், அது அடங்கி வெகுநேரம் கழித்து, தாழ்ப்பாளை விலக்கும் சிறு கிறீச்சொலியும், அதன்பின் அந்தப் பெரியவரின் குரலுந்தான்:

"போட்டுதோ தம்பி?"

"போட்டுது ஐயா, வாங்க."