வசந்தபாலன்: பிழைப்பும் விதியும்

விருதுநகர்க்காரரான வசந்தபாலன், ஷங்கரிடம் உதவி இயக்குநராக இருந்து, 2002-இல் ‘ஆல்பம்’ படத்தின் மூலம் இயக்குநரானார். அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஷங்கர் தயாரித்த ‘வெயில்’ (2006). சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது.

மனிதர்களின் பிழைப்பை உள்ளே புகுந்து காட்டுவதுதான் அவருடைய பலம். ‘வெயி’லில் வீட்டைவிட்டு ஓடிய சிறுவன் ஒரு திரையரங்கில் வேலைக்குச் சேர்ந்து ஆளாகிறான், அரங்கு நொடிக்கும்போது அவன் வாழ்வும் நொடிக்கிறது. சென்னை ரங்கநாதன் தெருவின் கடை ஊழியர்களைப் பற்றிய ‘அங்காடித் தெரு’ (2010) இன்னும் கூர்மையானது. குடும்பச் சுமை உள்ளவர்களாகப் பார்த்து ஆள் எடுக்கும் தந்திரம், முறைவைத்துச் சாப்பாடு, நெருக்கியடித்த உறக்கம், நாள் முழுக்க நின்றே தேயும் கால்கள் என்று அந்தத் தெருவின் பளபளப்புக்குப் பின்னால் இருப்பதைப் படம் காட்டிவிட்டது. ஜெயமோகனின் வசனமும் கைகொடுத்தது.

குறை முடிவுகளில் இருக்கிறது. ‘அங்காடித் தெரு’வில் முதலாளியும் மேற்பார்வையாளரும் பிழிந்த நாயகி கனியின் கால்களைக் கடைசியில் பறிப்பது, நடைபாதையில் ஏறிய ஒரு வாகனம். கடை துரத்தியதால்தானே அவள் நடைபாதையில் படுத்தாள் என்று வாதிடலாம். வாதம் சரிதான். ஆனால் அந்தக் கணத்தில் நமக்கு எழுவது பரிதாபம். அதுவரை சேர்த்த கோபம் அதில் கரைந்துபோகிறது. ‘வெயி’லிலும் தம்பிக்காக அண்ணன் உயிர்விட்டதும், கேள்விகள் அழுகையில் முடிந்துவிடுகின்றன. ‘அரவான்’ (2012), ‘காவியத் தலைவன்’ (2014) ஆகிய படங்களிலோ தொழிலின் நுணுக்கத்தைவிட வேடமும் காலமும் முன்னால் நிற்கின்றன.

விபத்து விதிதானா என்பதற்கு அவருடைய விருதுநகர் மாவட்டமே உரைகல். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து 20 பேருக்குமேல் மாண்டார்கள். இந்த வட்டாரத்தில் ஆலை வெடிக்கும்போதெல்லாம் அடிபடும் சொற்கள்: உள்குத்தகை, அறைக்கு அனுமதித்ததைவிடக் கூடுதல் ஆள், மருந்துக் கலவையில் உராய்வு. மூன்றுமே மனிதர் செய்பவை. தலையெழுத்துக்கு இதில் வேலையில்லை. இப்படிப்பட்ட மண்ணிலிருந்து வந்தவர், விபத்தை விதியாக்கும்போது கேட்கத்தான் வேண்டும்.

அதே 2021-இல், கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு அரசு சட்டம் திருத்தியது. அப்போது பலர் நினைவுகூர்ந்த படம் ‘அங்காடித் தெரு’. நினைவில் நின்றவை விபத்தில் போன கால்கள் அல்ல, கடையில் நின்று தேய்ந்த கால்கள். வசந்தபாலனின் சாதனை அங்கேதான் இருக்கிறது.