சென்னையின் பழைய தேவாலயங்கள்: கோபுரத்துக்குக் கீழே

சென்னையின் பழைய தேவாலயங்களைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் கட்டிய ஆண்டையும் கோபுரத்தின் உயரத்தையும் சொல்லி நின்றுவிடுகின்றன. அதற்கு மேல் போனால், லண்டனில் உள்ள ஏதோ ஒரு தேவாலயத்தின் சாயல் என்று ஒரு வரி சேர்கிறது. இப்படிப் பார்த்தால் இவை எல்லாமே ஐரோப்பிய மூலங்களின் நகல்களாகத்தான் தெரியும். இவற்றைக் கட்டியவர்களின் கவலைகளோ உள்ளூர்க் கவலைகள்: நீர் கோத்த மண், மரத்தைத் தின்னும் கறையான், வெயில், கடல்வழியாக வரும் எதிரி. இவற்றுக்கு அவர்கள் கண்ட விடைகளை வைத்து மதிப்பிடும்போது, எது சிறந்த கட்டடம் என்ற வரிசையே மாறிவிடுகிறது.

புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம் இதற்கு முதல் உதாரணம். 1678-ல் தொடங்கி 1680-ல் அர்ப்பணிக்கப்பட்ட இது, கோட்டையில் வாழ்ந்த ஆங்கிலேயர் தாங்களே பணம் திரட்டிக் கட்டியது. வெளித்தோற்றத்தில் பெரிய அழகு என்று சொல்ல எதுவும் இல்லை. கோபுரமும் பிற்காலச் சேர்க்கை. கவனிக்க வேண்டியது கூரை. மரமே இல்லாமல் செங்கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் பீப்பாயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போன்ற வளைவுக் கூரையாக அது கட்டப்பட்டிருக்கிறது. அதன் கனம் சுமார் 2 அடி, வெளிச் சுவர்களின் கனம் சுமார் 4 அடி. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்பதே நோக்கம். 1758-59-ல் லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டதையும் கடந்து கட்டடம் நிற்கிறது. வழிபாட்டுக்கூடம் ஒன்றைக் காப்பரணாகவும் யோசித்தவர்களின் அச்சம் அந்தக் கனத்த சுவர்களில் படிந்திருக்கிறது. ராபர்ட் கிளைவின் திருமணம் இங்கே நடந்தது என்ற செய்தியை விட இந்தக் கூரை முக்கியமானது. வழிகாட்டிகள் சொல்வது என்னவோ திருமணத்தைத்தான்.

கதீட்ரல் சாலையிலுள்ள புனித ஜார்ஜ் பேராலயம் 1816-ல் அர்ப்பணிக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஜேம்ஸ் கால்டுவெல், கட்டுமானத்தை நடத்தியவர் தாமஸ் டி ஹாவிலண்ட். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானது இங்கேதான் என்பதால் வரலாற்றில் இதன் இடம் பெரியது. கட்டடக்கலையில் இது ஒழுங்கான, அமைதியான, சற்றே எதிர்பார்த்தபடியான கட்டடம். டி ஹாவிலண்டுக்கு இது பயிற்சிக்களம் என்று கொள்ளலாம். அவருடைய உண்மையான சாதனை எழும்பூரில் இருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியாக நகருக்குள் வருபவர்கள் எழும்பூரில் புனித ஆண்ட்ரூஸ் கிர்க்கைக் கடந்தே சென்ட்ரலுக்குப் போகிறார்கள். பேருந்து ஜன்னலிலிருந்து தெரிவது தூண்கள் தாங்கும் முகப்பும் சுமார் 166 அடி உயர ஊசிக் கோபுரமும். இதைத்தான் லண்டன் செயின்ட் மார்ட்டின் இன் தி ஃபீல்ட்ஸ் தேவாலயத்தின் நகல் என்கிறார்கள். அதில் பாதி உண்மைதான். லண்டன் தேவாலயத்துக்கு ஜேம்ஸ் கிப்ஸ் முதலில் வட்ட வடிவக் கூடம் ஒன்றைத் திட்டமிட்டார். செலவு அதிகம் என்று அது கைவிடப்பட்டு, நீள்சதுரக் கூடம் கட்டப்பட்டது. லண்டன் கைவிட்ட அந்த வட்டத்தை டி ஹாவிலண்ட் சென்னையில் எழுப்பினார். 1818-ல் அடிக்கல், 1821-ல் அர்ப்பணிப்பு.

வட்டம் இங்கே வெறும் அலங்காரம் என்று சொல்லிவிட முடியாது. ஸ்காட்லாந்து பிரஸ்பிடேரியன் வழிபாட்டில் பிரசங்கத்துக்கே முதலிடம். எல்லோரும் பிரசங்கியைச் சூழ்ந்து உட்கார வட்டக்கூடம் பொருந்துகிறது. சுமார் 81 அடி விட்டமுள்ள கூடத்துக்குள் 16 தூண்கள் வட்டமாக நின்று ஒரு தட்டையான குவிமாடத்தைத் தாங்குகின்றன. மரச் சட்டம் வைத்தால் கறையான் அரிக்கும். ஆகவே குவிமாடத்தைச் செங்கல்லால் கட்டி, எடையைக் குறைக்க உள்ளே மண்ணால் செய்த கூம்புகளை நிரப்பினார்கள். அடியில் ஆழமான நீலம், மேலே பொன் நட்சத்திரங்கள். வெளியிலிருந்து இந்தக் குவிமாடம் கண்ணில் படுவதே இல்லை.

குறை சொல்ல வேண்டியதும் அங்கேதான். செவ்வகக் கட்டடத்துக்கு உரிய முகப்பை வட்டக்கூடத்தின் முன்னால் ஒட்டவைத்ததால் வெளிப்புறமும் உட்புறமும் வேறு வேறு கட்டடங்கள் போலிருக்கின்றன. கோபுரம் வேண்டும் என்ற ஆசை குவிமாடத்தை மறைத்துவிட்டது.

எழும்பூரின் நீர் கோத்த மண்ணில் இவ்வளவு எடையை நிறுத்தியது அடித்தளத்தின் வேலை. நூற்றுக்கும் மேற்பட்ட கிணறுகளை இறக்கி அவற்றின் மேல் கட்டடத்தை அமர்த்தினார் டி ஹாவிலண்ட். உறைக்கிணறு இறக்கும் உத்தி தமிழ்நாட்டில் மிகப் பழையது. கீழடி அகழாய்வுக் குழிகளிலும் அதைக் காணலாம். கிர்க்கின் பெருமையைப் பேசும்போது அந்தப் பொறியாளரின் பெயரோடு, குழிக்குள் இறங்கி மண்ணை வாரிய பெயர் தெரியாத கிணற்று வேலைக்காரர்களையும் சேர்த்தே பேச வேண்டும். கோபுரத்தை மட்டும் அண்ணாந்து பார்க்கும் ரசனையில் அவர்களுக்கு இடமே கிடைப்பதில்லை.

சாந்தோம் பேராலயம் இதற்கு நேர் எதிர். போர்த்துகீசியர் கட்டிய பழைய ஆலயத்தின் இடத்தில் 1896-ல் எழுந்த இப்போதைய கட்டடம் புதுக்கோதிக் பாணியிலானது. கோதிக் என்பது வடக்கு ஐரோப்பாவின் மங்கிய வெளிச்சத்துக்கும் கருங்கல்லின் நிழலுக்கும் பிறந்த பாணி. கூர்முனை வளைவுகளில் வெள்ளைச் சாயம் அடித்துக் கடற்கரை வெயிலில் நிறுத்தினால் நிழல் கரைந்து உருவம் தட்டையாகிவிடுகிறது. தூரத்திலிருந்து அழகாக இருக்கிறது. அருகே போகப் போக அந்த அழகு குறைகிறது. ஆனாலும் மக்கள் அங்கே திரளுவது பாணிக்காக அல்ல. கீழே புனித தோமாவின் கல்லறை இருக்கிறது, அந்த இடத்தைக் குறிக்கவே நடுவில் சிறிய கோபுரம். கல்லறை அறைக்குள் இறங்கும்போது கட்டடத்தின் கணக்கு வேறாகிவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த வேறுபாடுகளைக் கவனிக்காத ரசனைக்கு நடைமுறையில் ஒரு விலை உண்டு. கிர்க்கின் தூண்களைப் பளிங்கு என்று நினைக்க வைப்பது கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பலமுறை பூசித் தேய்த்த சென்னைச் சுண்ணப்பூச்சு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பழைய பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். செங்கல்லும் பொடியத் தொடங்கும். வெள்ளையாக, பளிச்சென்று இருந்தால் போதும் என்று நினைக்கும் நிர்வாகத்துக்குச் சிமெண்டும் பெயிண்டும் மலிவான வழி. ஓரிரண்டு ஆண்டுகளுக்குப் படத்தில் நன்றாகவும் தெரியும். சுண்ணாம்பை நீற்றி, புளிக்கவைத்து, அரைத்துப் பூசும் வேலைக்கு மாதக்கணக்கு ஆகும், கைதேர்ந்த கொத்தனார்களும் குறைந்துவிட்டார்கள். பழைய தேவாலயம் ஒன்றைப் பார்க்கப் போகிறவர்கள் கோபுரத்தைப் படமெடுத்த பிறகு, சுவரின் அடிப்பகுதியில் தரையிலிருந்து மூன்று அடி உயரத்துக்கு என்ன பூசியிருக்கிறது என்று குனிந்து பார்க்கலாம். உப்புப் பூத்திருந்தால் முதலில் தெரிவது அங்கேதான்.